கலிங்கிலிருந்து கல் வரை

கோவையின் குறிச்சிக் குளத்தின் கரையில் மாலை நடப்பவர்களிடம் குளத்தின் எல்லை எது என்று கேட்டால் காலடியில் இருக்கும் கரையையே காட்டுவார்கள். தமிழ் எழுத்துகளால் ஆன திருவள்ளுவர் சிலையும் நடைபாதையும் அங்கேதான். நில அளவருக்கோ வேலை எதிர்ப்பக்கத்தில். கரையே இல்லாத, தண்ணீர் வந்து பரவுகிற சரிவில் குளம் எங்கே முடிகிறது?

போத்தனூருக்கு ஒருபுறம் குறிச்சிக் குளம், மறுபுறம் வெள்ளலூர்க் குளம். இரண்டுக்கும் நொய்யல் ஆற்றின் அணைக்கட்டுகளிலிருந்துதான் வாய்க்கால். வெள்ளலூர்க் குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் வாய்க்காலைத் தூர்வாரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், மரங்கள் நட்டார்கள். குளம் வறண்டால் முதலில் அழிவது அதன் எல்லைதான். நாலு வருஷம் தண்ணீர் வராத இடத்தைக் குளம் என்று யாரும் நினைப்பதில்லை.

அளக்க வருபவர்கள் முதலில் தேடுவது தண்ணீரை அல்ல, எல்லைக் கல்லை. சர்வேயர் கையில் புலப்படம், கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரங்கள் கொண்ட அ-பதிவேடு. ஊர்க்காரர் யாராவது "இங்கதானுங்க கல்லு இருந்துச்சு" என்று கை காட்டினாலும், அந்த இடத்தில் முள்ளை வெட்டி மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். இரண்டு பழைய கற்கள் கிடைத்து, இடைப்பட்ட தூரம் புலப்படத்தோடு ஒத்துப்போனால்தான் மூன்றாவது கல்லின் இடத்தை நம்பிக் குறிக்க முடியும். முன்பு 66 அடிச் சங்கிலி, இப்போது செயற்கைக்கோள் வழி அளக்கும் டி.ஜி.பி.எஸ். கருவி. ஆனாலும் சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழைந்து கொடி பிடிப்பவர் மனிதர்தான். அந்த உழைப்பு எந்த வரைபடத்திலும் தெரிவதில்லை.

பதிவேட்டு எல்லை ஒன்று, நீரின் எல்லை வேறொன்று. நீரின் எல்லையைக் கலிங்கு சொல்லும். உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின் மேல்மட்டம்தான் குளத்தின் முழு நீர்மட்டம். அதே உயரமுள்ள புள்ளிகளை லெவல் கருவியால் சுற்றிலும் கண்டு இணைத்தால் நீர்ப்பரப்பு கிடைத்துவிடும். 200 அடிக்கு ஓர் அடி சரியும் நிலத்தில் கலிங்கை ஓர் அடி குறைத்தால் நீரின் விளிம்பு 200 அடி பின்வாங்கும். கலிங்கை உடைப்பதால் யாருக்கு லாபம் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

கல்லும் கலிங்கும் கைவிட்ட இடத்தில் செடியும் மண்ணும் சாட்சி. சம்பும் கோரையும் ஈரத்தைக் காட்டும். நெடுநாள் நீர் தேங்கிய மண் சாம்பல் நிறமாகி, வேர்த்தடங்களில் துருநிறக் கோடுகள் ஓடும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1987-இல் வெளியிட்ட கையேடு, ஈரநிலச் செடி, மண், நீரின் தடம் என்ற மூன்றையும் சேர்த்தே எல்லை குறிக்கச் சொல்கிறது. கோல்ஃப் மைதானம் போன்ற இடங்களில் இது கடினம்: செடியை வெட்டிப் புல் வளர்த்து, குழாயில் நீர் பாய்ச்சியிருப்பார்கள். அங்கே குழி தோண்டி மண்ணின் நிறத்தை நிற அட்டையோடு ஒப்பிடுவதே பெரிதும் கைகொடுக்கும். பூங்காவாக மாறிவரும் நம் குளக்கரைகளுக்கும் இந்த முறை தேவைப்படும்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இஸ்ரோவின் ஆமதாபாத் மையம் 2021-இல் தந்த கணக்கின்படி, இந்தியாவில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் 2,31,195. அவற்றை நேரில் சரிபார்த்து எல்லை குறிக்கும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால், 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறை, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய குளங்களை வெளியே விட்டுவிடுகிறது. நொய்யல் குளங்களுக்கு இது பெரும் அநீதி. நாரையும் நீர்க்காகமும் வெட்டியவர் யாரென்று பார்த்து இறங்குவதில்லை. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கான 2007-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் குளத்தை அளந்து எல்லை குறிக்க வழி இருக்கிறது. ஊர் கேட்டால்தான் அந்த வேலை வேகமாக நடக்கும்.

எனவே உங்கள் ஊர்க் குளத்தின் புல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். புலப்படத்தை வாங்கி, கோடையில் குளத்தைச் சுற்றி நடந்து எல்லைக் கற்களைத் தேடுங்கள். கல் இல்லாத இடத்தைக் குறித்துவைத்து, அளந்து தரும்படி வட்டாட்சியரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.