இரண்டாவது ஒலித்தடம்

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி ரிமோட்டில் ஒலியை மாற்றும் பட்டனைத் தேடி அழுத்தினார். திரையில் கூம்புத் தொப்பியும் வெள்ளைக் குறுந்தாடியுமாய் அதே மணல் மனிதர் பொம்மைதான். 1959-லிருந்து ஜெர்மானியக் குழந்தைகளைத் தூங்க வைப்பவர். ஆனால், கதை சொல்லும் குரல் ஜெர்மனை விட்டு சோர்பியன் மொழிக்கு வந்துவிட்டது. டிரெஸ்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான்கு வயதுப் பேத்தி கைதட்டினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது ஒலித்தடத்தில் ஒரு மொழியே காத்திருந்திருக்கிறது!

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், லுசாத்தியாவில், க்ரோஸ்ட்விட்ஸ் என்ற கிராமத்தில் தங்கியிருந்தேன். பாவ்ட்சன் ஸ்டேஷனில் இறங்கும்போதே பலகையில் ஊருக்கு இரண்டு பெயர். சோர்பியனில் அது புடிஷின். சோர்பியர்கள் ஸ்லாவியர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மண்ணில் இருப்பவர்கள். மொத்தம் 60,000 பேர் என்று சொல்வது வழக்கம். மொழி பேசுவோர் அதிலும் குறைவு. அதற்குள்ளும் இரண்டு மொழிகள். பொது ஒலிபரப்பு நிறுவனங்களில், பாவ்ட்சனிலிருந்து எம்.டி.ஆர். மேல் சோர்பியனிலும், வடக்கே காட்பஸிலிருந்து ஆர்.பி.பி. கீழ் சோர்பியனிலும் வானொலி நடத்துகின்றன. 1937-இல் நாஜிகள் சோர்பியர்களின் அமைப்பான தொமோவினாவையே முடக்கிப் போட்டார்கள். இன்று சோர்பிய மொழிகளுக்கு அரசமைப்பின் பாதுகாப்பும் பொது ஒலிபரப்பின் பணமும் இருக்கின்றன.

மறுநாள் விடியும் முன்பே சமையலறை ரேடியோ பேச ஆரம்பித்துவிட்டது. "தோப்ரே ரன்யே", காலை வணக்கம். செய்தி, வானிலை, பாட்டு. பாட்டி காபி வடிகட்டியபடியே அறிவிப்பாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல. பொழுது ஏறியதும் அதே அலைவரிசை ஜெர்மனுக்கு மாறியது. பாட்டி ரேடியோவை அணைத்துவிட்டார்.

வானொலியில் இளைஞர்களுக்கான நிகழ்ச்சியின் பெயர் சட்குலா. இந்த ஊர் வழியே ஓடும் ஓடையின் பெயர் அது! வாசலைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். ஒரே எட்டில் தாண்டிவிடலாம் போல ஒடுங்கியிருந்தது. தொலைக்காட்சியில் மேல் சோர்பியனுக்கு 2001-லிருந்து வுஹ்லாட்கோ என்ற நிகழ்ச்சி இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு ஓர் அரை மணி நேரம்தான். போதவே போதாது. ஒரு குழந்தைக்கு மொழி ஊற வேண்டுமானால் நாள்தோறும் காதில் விழ வேண்டும். டிரெஸ்டன் வீட்டில் ஜெர்மன்தான் புழக்கம். இந்தப் பேத்திக்குக் கிடைக்கும் சோர்பியன் பாட்டியிடமிருந்தும் இந்தப் பெட்டிகளிலிருந்தும்தான்.

கிளம்பும் நாளில் திண்ணை போன்ற மரப்பலகையில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னையும் தன்னையும் சுட்டிக்காட்டி "முய்" என்றாள். நாம் இருவர் என்று பொருள். ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமையை இன்னும் இழக்காத மொழி இது. பாட்டி காபிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார். குழந்தை மூவரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, உடனே சொல்லை மாற்றினாள்: "மி."