காத்திருத்தலின் கலை: யப்பானியக் காதற் சித்திரத் தொடர்கள் பற்றிய சில கருத்துக்கள்

யப்பானிய மொழியிலே 'மங்கா' என வழங்கும் சித்திரக்கதையையும், பெரும்பாலும் அதன்வழித் தோன்றும் 'அனிமே' என்னும் அசைவுச் சித்திரத்தையும் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் கற்றோரிடையே எளிதாக நிகழ்வதொன்று. அவற்றுள்ளும் காதற் கதைகள் என்றால் அலட்சியம் இருமடங்காகும். போரையும் அரசியலையும் பேசும் தொடர்களுக்கு ஓரளவு மதிப்பளிக்கும் விமரிசகர்கூட, பாடசாலைச் சீருடை அணிந்த இருவர் ஒருவர் முன் ஒருவர் பேச்சற்று நிற்கும் காட்சியைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். இவ்வலட்சியம் முற்றிலும் காரணமற்றதென்று கூறவியலாது. இத்துறையில் வெளிவருவனவற்றுட் பல ஒரே வாய்பாட்டின் பிரதிகளே. எனினும், அவ்வாய்பாட்டைத் தாண்டிய படைப்புக்கள் எவை, அவை எதனாற் சிறந்தன, பெரும்புகழ் பெற்றவற்றுள்ளும் ஏற்கத்தகாதன எவை என்னும் வினாக்கள் வெறும் விருப்பு வெறுப்புச் சார்ந்தன அல்ல. ஒரு காதற் கதை காதலரை எத்தகைய மனிதராக மதிக்கின்றது என்பதே அவற்றின் அடிநாதம்.

இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் பயனுடைத்து. பெண்பிள்ளைகளுக்கான சித்திரக்கதை 'ஷோஜோ மங்கா' எனப்படும். 1953இல் தெசுக்கா ஒசாமு தொடங்கிய 'ரிபொன் நோ கிஷி' என்னும் தொடர், பெண் வாசகர்க்கு நெடுங்கதை சொல்லும் முறைக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. ஆயின், 1970களிலே பெண் எழுத்தாளர் ஒரு தலைமுறையாக எழுந்தபோதே இத்துறை தன் சொந்தக் குரலைப் பெற்றது எனலாம். ஹாகியோ மோத்தோ, தாக்கேமியா கெய்க்கோ முதலியோர் ஷோவா 24ஆம் ஆண்டாகிய 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்களாதலின் 'இருபத்துநான்காம் ஆண்டுக் குழுவினர்' எனப் பெயர் பெற்றனர். சட்டங்களின் எல்லையைக் கலைத்தும், பேச்சுக்குமிழிக்கு வெளியே மனவோட்டத்தை மிதக்கவிட்டும் இவர்கள் அமைத்த பக்கம், நிகழ்ச்சியைக் காட்டிலும் உணர்ச்சியை முதன்மைப்படுத்தியது. இக்கேதா ரியோக்கோ 1972 முதல் 1973 வரை எழுதிய 'வெர்சாயின் றோஜா' காதலை வரலாற்றின் நடுவே நிறுத்தியது. ஆணாக வளர்க்கப்பட்ட பிரபுகுலப் பெண் ஒஸ்கார். அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்த எளிய குலத்தவன் அந்திரே. இவர்களது காதல் பிரெஞ்சுப் புரட்சியின் நாட்களிலேதான் தன்னை உணர்கின்றது. குலவேற்றுமை தகரும் வேளையிலன்றி அக்காதல் வாய்திறக்க இயலாது என்பதை அந்நூல் பிரசங்கமின்றிக் காட்டிற்று.

இதன்பின் வந்த தொடர்களிலே வாசகரை மிகுதியும் சோதிப்பது தாமதம் என்னும் உத்தியாகும். 'உன்னை விரும்புகிறேன்' என்னும் ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குப் பாத்திரங்கள் பல தொகுதிகளைக் கடக்கின்றன. இதற்குப் பண்பாட்டுக் காரணமும் உண்டு. வணிகக் காரணமும் உண்டு. யப்பானிய இளைஞரிடையே காதலை வாய்விட்டு அறிவிக்கும் 'கொக்குஹாக்கு' என்பது ஏறத்தாழ ஒரு சடங்கு. அதற்கு முன்னுள்ள உறவும் பின்னுள்ள உறவும் வேறாகவே கொள்ளப்படும். மறுபுறம், சஞ்சிகையில் வெளிவரும் தொடர் வாசகரின் ஆதரவு உள்ளவரை நீட்டப்படுகின்றது. அறிவிப்பு நிகழ்ந்துவிட்டால் ஆவல் தணிந்துவிடுமோ என்ற அச்சத்தினால், சொல்ல வாயெடுக்கும் கணத்திற் பட்டாசு வெடிக்கும். புகைவண்டி கடந்து செல்லும். நண்பர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருவார். இத்தகைய தாமதம் பாத்திரத்தின் உள்ளத்திலிருந்து பிறவாது, ஆசிரியரின் தேவையிலிருந்து பிறக்கின்றது. காத்திருந்த காலத்திலே அப்பாத்திரங்கள் என்னவாயினர் என்பதே நல்லதையும் அல்லாததையும் பிரித்தறியும் உரைகல்லாகும்.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்குமிடத்து, தக்கஹாஷி ருமிக்கோவின் 'மேசோன் இக்கொக்கு' தனியிடம் பெறுகின்றது. 1980 முதல் 1987 வரை வெளிவந்த இத்தொடரிற் கதைக்காலமும் வெளியீட்டுக் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்கின்றன. பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையிற் சித்தியெய்தாத கோதாய் என்னும் இளைஞன் ஒரு பழைய மரவீட்டின் வாடகை அறையில் வாழ்கிறான். அவ்வீட்டை மேற்பார்வை செய்ய வரும் கியோக்கோ, மணமாகி ஓராண்டு நிறையுமுன்னரே கணவனை இழந்தவள். அவள் வளர்க்கும் நாய்க்குக் கணவனின் பெயரே வழங்குகின்றது. தொடக்கத்தில் நகைச்சுவையாகத் தோன்றும் இச்செய்தி, கதை வளர வளர நெஞ்சை உறுத்தும் ஒன்றாகின்றது.

இங்கு தாமதத்திற்குக் காரணங்கள் உண்மையானவை. கியோக்கோ இறந்தவனை மறப்பதையே துரோகமாக எண்ணுகிறாள். கோதாய்க்கோ கையிற் பணமில்லை. பட்டம் பெற்றபின்னும் தொழிலில்லை. சேரவிருந்த நிறுவனம் முறிந்துபோக, இரவு விடுதியிற் பணிபுரியும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் செல்கிறான். அதன்வழியே பாலர் பாடசாலை ஆசிரியனாகும் தகைமையைத் தேடிக்கொள்கிறான். செல்வந்தனும் அழகனுமான ரெனிஸ் பயிற்றுநன் மித்தாக்கா அவனுக்குப் போட்டியாக நிற்கிறான். ஆயினும் அவனைத் தீயவனாக்கிக் கதையை எளிதாக்க ஆசிரியர் முயலவில்லை. பட்டம் கையிலிருக்கத் தொழில் தேடி அலையும் இளைஞனின் தாழ்வுணர்ச்சியை இத்துணை நேர்மையாகக் கூறிய காதற் கதைகள் சிலவே. ஏழாண்டுக் காத்திருப்பு அவனை வளர்க்கின்றது. வாசகனும் உடன் வளர்கிறான்.

கதையின் உச்சம் அறிவிப்பிலன்று, ஒரு கல்லறையின் முன் அமைந்திருக்கின்றது. கோதாய் இறந்தவனின் கல்லறை முன் நின்று, கியோக்கோவின் உள்ளத்தில் வாழும் அவனையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்வதாகக் கூறுகிறான். அதனை அவள் மறைவில் நின்று கேட்கிறாள். மறுமணத்தைப் பழைய அன்பின் அழிவாகக் கருதாமல், அதனையும் சுமந்துசெல்லும் பொறுப்பாகக் கண்ட இக்காட்சி இத்துறையின் சிகரங்களுள் ஒன்று. தன்னைக் காட்டிலும் ஒருநாளேனும் கூடுதலாக உயிர்வாழ வேண்டும் என்பதே அவள் அவனிடம் வேண்டுவது. முல்லைத்திணையின் இருத்தலைக் கற்ற தமிழ் மாணவர்க்கு, ஆற்றியிருத்தலுக்கும் வெறுமனே தாமதித்தலுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்து விளங்காமற் போகாது. குறையும் உண்டு. கோசுவே என்னும் பெண்ணிடம் உண்மையைக் கூறாமல் கோதாய் பல ஆண்டுகள் பழகுவதை ஆசிரியர் நகைச்சுவையாக்கிக் கடந்துவிடுகிறார். அப்பெண்ணின் காலமும் காலந்தான் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை.

அதாச்சி மிட்சுரு 1981 முதல் 1986 வரை எழுதிய 'தச்' பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய கதையாகத் தொடங்குகின்றது. இரட்டையரான தத்சுயாவும் கசுயாவும் அயல்வீட்டு மினாமியை விரும்புகின்றனர். தகுதித் தொடரின் இறுதிப் போட்டி நாளன்று, வீதியில் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முனைந்த கசுயா உயிரிழக்கிறான். அதன்பின் அதாச்சி புலம்பலை வரைவதில்லை. வெறும் வானம், ஆளற்ற மைதானம், கோடைகால முகில் என்னும் சட்டங்களே துயரைச் சுமக்கின்றன. வென்றவன் இறந்துபோக, உயிரோடிருப்பவன் எவ்வாறு காதலிப்பது என்னும் வினா இளைஞர் சஞ்சிகையொன்றில் எழுப்பப்பட்டது வியப்பிற்குரியது. நாடளாவிய கொஷியென் சுற்றுப்போட்டியை வரையாமலே கதையை முடித்தமை ஆசிரியரின் துணிவுக்குச் சான்று. ஆயின், மினாமியின் கனவு பிறர் அவளைக் கொஷியெனுக்கு அழைத்துச் செல்வதாகவே அமைந்தமை இதன் பலவீனம். அவளுக்கென ஒரு விளையாட்டுத் துறையைப் பின்னர் வகுத்தபோதும், காத்திருப்பவள் பெண், செயற்படுபவன் ஆண் என்னும் பழைய ஏற்பாடு முற்றாக நீங்கவில்லை.

இனி, பலரால் விரும்பப்படினும் மறுத்துரைக்க வேண்டிய ஒரு மரபு உண்டு. கமியோ யோக்கோ 1992இல் தொடங்கிய 'ஹானா யோரி தாங்கோ' தாய்வானிலே 2001இலும், யப்பானிலே 2005இலும், தென்கொரியாவிலே 2009இலும் தொலைக்காட்சி நாடகமாகிப் பெரும்புகழ் ஈட்டியது. செல்வர் பாடசாலையிற் பயிலும் ஏழைப் பெண் சுக்குஷி, தன்னைத் துன்புறுத்தும் செல்வன் தோமியோஜியை அஞ்சாது எதிர்க்கிறாள். அவ்வெதிர்ப்பு இந்நூலின் உயிர். எனினும், தொடக்கத்தில் அவளைத் துன்புறுத்துமாறு முழுப் பாடசாலையையும் ஏவியவனும் பலவந்தமாக நெருங்க முயன்றவனும் அவனே. அவன் பின்னர் திருந்துகிறான் என்பது ரசிகர் கூறும் விடை. திருந்துவது உண்மையே, ஆனால், ஓர் ஆணைத் திருத்தும் கருவியாக ஒரு பெண்ணின் பொறுமை பயன்படுகின்றது என்பதும் உண்மை. இவ்வழி வந்த பல தொடர்கள் சுக்குஷியின் தன்மானத்தைக் கைவிட்டு, தோமியோஜியின் முரட்டுத்தனத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. பெண்ணைச் சுவரோடு நிறுத்திக் கையால் மறிக்கும் 'கபெதொன்' என்னும் நிலை 2014ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சொற்களுள் ஒன்றாக யப்பானிலே தெரிவாகுமளவுக்குப் பரவிற்று. அச்சத்தினால் துடிக்கும் நெஞ்சையும் அன்பினால் துடிக்கும் நெஞ்சையும் ஒரே கோட்டினால் வரைவது ஓவியத்தின் பிழை மட்டுமன்று.

இதற்கு நேர்மறையான விடையாக அமைவது ஷீனா கருஹோவின் 'கிமி நி தொதொக்கே'. 'உன்னை எட்டட்டும்' என்னும் பொருள்படும் இத்தொடர் 2017இல் நிறைவுற்றது. நீண்ட கருங்கூந்தலினாற் பேய்ப்படப் பாத்திரத்தின் பெயர்சூட்டி வகுப்பினர் ஒதுக்கிவைக்கும் சவாக்கோவுக்குக் கசெஹாயா செய்யும் முதல் உதவி மிகச் சிறியது. ஏனையோரிடம் பேசுவது போலவே அவளிடமும் பேசுகிறான். அவன் அவளை மீட்டுச் செல்லும் வீரனல்லன். வதந்திகளைக் கேட்டுத் தோழியர் பிரிந்துவிடும் நிலை வந்தபோது, அவளே சென்று பேசி அவர்களைத் தக்கவைத்துக்கொள்கிறாள். காதலுக்கு முன் நட்பை எய்துதல், நட்புக்கு முன் தன்னை மனிதப் பிறவியாக மதித்தல் என்னும் வரிசை இக்கதையிலே தெளிவாக உண்டு. போட்டியாக வந்த குருமி ஈற்றில் அவளோடு ஒரே பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் தோழியாகிறாள். அறிவிப்பிற்கு முன்னர் தவறான புரிதல்கள் தேவைக்கு மேல் நீட்டப்பட்டமை மறுக்கவொண்ணாத குறை. ஆயின், அறிவிப்புக்குப் பின்னரும் கதை நெடுந்தூரம் செல்கின்றது. அன்பு கைகூடியபின் இருவர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதை அது தட்டிக்கழிக்கவில்லை.

யசாவா ஐயின் 'நானா' காதலின் மீட்புச் சக்தியையே ஐயுறுகின்றது. ஒரே பெயருடைய இரு பெண்கள் ரோக்கியோ செல்லும் புகைவண்டியிற் சந்திக்கின்றனர். இருவரும் காதலிக்கின்றனர், காதல் இருவரையும் காப்பாற்றுவதில்லை. அவர்களிடையேயான நட்பே கதையின் மிக உண்மையான அன்பாக எஞ்சுகின்றது. ஆசிரியரின் நோயினால் 2009இல் இடைநின்ற இத்தொடர், முடிவற்ற நிலையிலும் முடிவுற்ற பலவற்றைக் காட்டிலும் நிறைவுடையது. அக்கசாக்கா அக்காவின் 'ககுயா-சமா' 2015 முதல் 2022 வரை, முதலில் காதலைச் சொல்பவர் தோற்றவர் எனக் கருதும் இரு மாணவரைக் கொண்டு, மேலே குறித்த தாமத உத்தியையே நகைப்பிற்குள்ளாக்கியது. செல்வக் குடும்பத்தின் மகளும் வறிய வீட்டின் மகனும் தமது தன்மானத்தைக் கவசமாக அணிவதற்கு வெவ்வேறு காரணங்கள் உண்டென்பதை அந்நகைப்பு மறைக்கவில்லை.

அசைவுச் சித்திரமாக மாறும்போது இக்கதைகள் சிலவற்றை இழக்கின்றன, சிலவற்றைப் பெறுகின்றன. வாசகன் தன் விருப்பப்படி ஒரு பக்கத்தில் தங்கி நிற்கும் உரிமை போய்விடுகின்றது. குரலும் மௌனத்தின் அளவும் வந்து சேர்கின்றன. 1998இல் அன்னோ ஹிதெயாக்கி இயக்கிய 'கரெக்கானோ' அசையாப் படங்களையும், ஓரிடத்தில் வெட்டிய காகித உருவங்களையும் கொண்டு மனக்கொந்தளிப்பைக் காட்டியது. 2024இல் அசைவுச் சித்திரமான 'யுபிசக்கி தொ ரென்ரென்' செவிப்புலனற்ற பல்கலைக்கழக மாணவி யுக்கியின் கதை. கைமொழியே அங்கு காதல் மொழி. அவளை விரும்புபவன் தன் மொழியை அவள்மீது திணிக்காது, அவள் மொழியைக் கற்க முனைகிறான். சுவரை மறித்த கைக்கும், பேசக் கற்கும் கைக்கும் இடையேயுள்ள தூரமே இத்துறை கடந்துவந்த தூரமெனலாம்.

இத்துறையிலே குப்பைகள் மலிந்துள்ளன என்னும் குற்றச்சாட்டு நிலைத்து நிற்கும். எத்துறைக்கும் அது பொருந்தும். அதற்காகக் கல்லறை முன் நின்ற கோதாயையும், தோழியரைத் தேடிச் சென்ற சவாக்கோவையும் வாசியாது விடுபவர் இழப்பது ஒரு பொழுதுபோக்கை மட்டுமன்று. பரீட்சைக்கும் தொழிலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை வீணான ஆண்டுகளெனச் சமூகம் கணக்கிடும். அவ்வாண்டுகளிலேதான் ஒருவர் பிறரை நேசிக்கத் தகுதியுடையவராகிறார் என்பதைச் சிறந்த காதற் சித்திரத் தொடர்கள் பொறுமையோடு எடுத்துரைக்கின்றன.