``ஊர்ல எங்கதான் கரையான் இல்ல?'' - மறைத்து விற்கப்பட்ட வீடும், ஒரு பெண் கேட்ட நியாயமும்!

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலை. வில்லியனூரை அடுத்த ஒரு கிராமத்தில், அந்த வீட்டின் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. ஜன்னலைச் சாத்தியும் குறையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்த அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈசல் வெளியிலிருந்து வரவில்லை. படுக்கையறைக் கதவின் நிலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. விரலால் அழுத்தினார். பெயின்ட் உடைந்து விரல் உள்ளே போனது. மரம் இருக்க வேண்டிய இடத்தில் மண்தான் இருந்தது.

வீட்டை வாங்கி ஒன்பது மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவருக்கு கம்பெனி வேலை, அவருக்குத் தையல். பேங்க் லோன் போதாமல், தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகில் இருந்தது. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் சரிபார்த்துத்தான் பதிவு செய்தார்கள். கதவு நிலையைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் வந்த ஆசாரி, சுவரோரத் தரையைக் காட்டினார். வரிசையாக சிமென்ட் வைத்து அடைத்த ஓட்டைகள். ``இது கரையான் மருந்து இறக்குன ஓட்டைக்கா. முன்னாடியே வைத்தியம் பார்த்திருக்காங்க. அரிச்ச நிலைக்குப் பட்டி வச்சு பெயின்ட் அடிச்சுட்டாங்க.'' இரண்டு வருஷத்துக்கு முன்பு மருந்து அடிக்க ஆட்கள் வந்ததை பக்கத்து வீட்டு அக்காவும் உறுதிப்படுத்தினார்.

விற்றவர் தெரிந்தவர்தான். `மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். போன் செய்தால், ``ஊர்ல எங்கதான் கரையான் இல்ல? நல்லா பார்த்துதானம்மா வாங்குனீங்க?'' என்றார்.

``நிலையைப் பேர்த்துட்டுப் புதுசு வச்சுடலாம். மாமாகிட்ட எதுக்கு வம்பு?'' என்றார் கணவர்.

``இருங்க, எதையும் தொடாதீங்க'' என்று போனை எடுத்து, நிலை, உத்திரம், அடைத்த ஓட்டைகள் என எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார் மனைவி. அந்த வீடியோதான் பின்னால் அவர்களுக்குக் கைகொடுத்தது.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். அங்கே கிடைத்த வக்கீல் விளக்கினார். சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது.

அதனால் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, விற்றவருக்கு முன்பே தெரியும். அதற்கு அடைத்த ஓட்டைகளும், மருந்து அடித்ததற்கான சாட்சியும். இரண்டு, வாங்கியவரால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்குப் பட்டியும் பெயின்ட்டும். அவசரப்பட்டு நிலையைப் பேர்த்திருந்தால் இந்த ஆதாரமே போயிருக்கும். `உள்ளது உள்ளபடி' வாங்குவதாகப் பத்திரத்தில் வரி ஏதும் இருக்கிறதா என்றும் வக்கீல் படித்துப் பார்த்தார். இல்லை.

தனிநபரிடம் வாங்கிய பழைய வீடு என்பதால் நுகர்வோர் ஆணையம் சரிவராது, சிவில் கோர்ட்தான் வழி. மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடங்களுக்குள் வழக்கு போட வேண்டும். பில்டரிடம் வாங்கியிருந்தால் கதையே வேறு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடங்களுக்குள் போகலாம். ரெராவில் பதிவான புராஜெக்ட் என்றால், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடங்களுக்குள் சொல்லும் கட்டுமானக் குறைகளை பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

பிரான்ஸில் இருக்கும் சித்தப்பா போனில் விஷயத்தைக் கேட்டு ஆச்சர்யப்பட்டார். அங்கே 1999-ல் வந்த சட்டப்படி, கரையான் பாதிப்புள்ளதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வீடு விற்றால், பரிசோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும். அதுவும் ஆறு மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நம் ஊரில் அப்படி விதி இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓர் ஆசாரியையும், கரையான் மருந்து அடிப்பவரையும் நாமேதான் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். `கரையான் பாதிப்பு இல்லை' என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும் நல்லது.

வக்கீல் நோட்டீஸ் போன இரண்டாவது வாரம், மாமாவே வந்தார். உள்ளே வராமல் திண்ணையில் உட்கார்ந்தார். ``கோர்ட்டுக்கு வேணாம்மா.'' பழுது பார்க்கும் செலவை இரண்டு தவணையில் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

``வீட்டை காட்டுனப்பவே சொல்லியிருந்தா, விலையைக் கொஞ்சம் குறைச்சுப் பேசி நாங்களே வாங்கியிருப்போமே மாமா'' என்றார் அந்தப் பெண், காபி டம்ளரை நீட்டியபடி. அவர் தலை நிமிரவில்லை.

முதல் தவணை வந்துவிட்டது. புது நிலை வைத்தாகிவிட்டது. பழைய நிலையின் ஒரு துண்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறார். இரண்டாவது தவணை வரும்வரை அது அங்கேதான் இருக்கும்.