நுரை அடங்குமுன்

மெல்பர்ன் வந்த புதிதில், முட்டை போடாத பிஸ்கெட் ஏதாவது சொல்லுங்கள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் முட்டையைத் தொடமாட்டார். பாட்டி எழுதிக் கொடுத்தது ஆன்சாக் பிஸ்கெட்.

ஓட்ஸ், மைதா, சர்க்கரை தலா ஒரு கப். உலர்ந்த தேங்காய்த் துருவல் முக்கால் கப். 125 கிராம் வெண்ணெயையும் இரண்டு மேசைக்கரண்டி கோல்டன் சிரப்பையும் சேர்த்து உருக்க வேண்டும். இதுவரை யாருக்கும் வரும். அடுத்த அரை நிமிடம்தான் எல்லாம். அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கொதிநீரில் கரைத்து ஊற்றியதும், பழுப்பாக இருந்த உருக்கல் வெளுத்து, பொங்கல் பானைபோல நுரைத்து ஏறும். சிரப்பின் லேசான புளிப்பு சோடாவில் பட்டு எழும் காற்று அது. அடங்குமுன் மாவில் கொட்டிக் கிளறிவிட வேண்டும். ஒருமுறை போன் வந்ததென்று நகர்ந்தேன். அன்று வந்தவை தட்டையான சில்லுகள். "பாகை வச்சிட்டு யாராவது நகருவாங்களாம்மா?" என்றார் அத்தை. அதிரசத்துக்குப் பதம் பார்த்தே பழகியவர்.

ஓட்ஸ் முழு அவலாக இருக்கட்டும். சீக்கிரம் வேகும் பொடி ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சிக் களியாகிவிடும். 160 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் போதும். ஓரம் சிவந்து, நடுவில் தொட்டால் குழியும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆற ஆறத்தான் இறுகும். ஓவனிலேயே இறுகட்டும் என்று காத்திருந்தால் பல் உடையும்.

ஆன்சாக் என்பது 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலியில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களின் பெயர். அங்கே அவர்கள் கடித்தது கல்போன்ற ராணுவ ரொட்டி. ஓட்ஸ் பிஸ்கெட்டை அவர்கள் நாட்டுப் பெண்கள் சுட்டு விற்றுப் போர் நிதி சேர்த்தார்கள். ஆரம்பச் செய்முறைகளில் தேங்காய் கிடையாது, பின்னால் வந்தது. ஆன்சாக் என்ற சொல்லுக்கு இங்கே சட்டக் காவல் உண்டு. மரபான செய்முறையை ஒட்டியிருந்தால்தான் பிஸ்கெட்டை அந்தப் பெயரில் விற்கலாம், குக்கி என்று அழைக்கவும் விடுவதில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. நானும் சாக்லேட் சேர்ப்பதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளின் நினைவாக ஏப்ரல் 24 இரவு சுடுவதில் முதல் டப்பா பாட்டிக்கு. ஒன்றை எடுத்து இரு கையாலும் மெல்ல வளைப்பார். சட்டென்று முறியாமல் சற்று வளைந்து, அப்புறம் உடைந்தால்தான் வாயில் போடுவார்.