ஒரு எழுத்து மாறினால் போதும்

பைக்குக்கு வாங்குவது போல "ஒரு ப்ளக் கொடுங்கண்ணே" என்று விமான இன்ஜினுக்கு வாங்க முடியாது. செஸ்னா 172எம்மில் இருக்கும் லைகாமிங் ஓ-320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4 சிலிண்டர், 8 ப்ளக். சிலிண்டருக்கு இரண்டு ப்ளக், அவற்றுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவும் இரண்டு. ஒன்று கைவிட்டாலும் மற்றது ஓட்டிக்கொண்டு வந்துவிடும்.

வழக்கமாக இதற்குப் போடுவது சாம்பியன் ஆர்இஎம்40இ. அவசரத்தில் ஆர்எச்எம்40இ வந்துவிட்டால்? சிலிண்டரில் அழகாக உட்காரும். வயரின் நட்டு மட்டும் ஏறாது. மேல் மரை வேறு அளவு. இதாவது தேவலை, வேலை அங்கேயே நின்றுவிடும். 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'பி' வந்தால்தான் வினை. அது நீள மரை. அரை அங்குலத் துளையில் 13/16 அங்குலத்தை முறுக்கினால் மிச்சம் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது கனன்று, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டன் தாங்காது.

100எல்எல் பெட்ரோலில் ஈயம் உண்டு. கீழ் ப்ளக்குகளில்தான் அது அதிகம் படியும். அதற்காக ஆர்இஎம்37பிஒய் போடுகிறவர்கள் உண்டு. மூக்கு நீண்டிருப்பதால் சூடாக இருந்து கசடை எரித்துவிடும். ஆனால் லைகாமிங்கின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1042இல் உங்கள் மாடலுக்கு நேரே அந்த எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பர்ஸைத் திறங்கள். கடைக்காரர் சொல்வதெல்லாம் அப்புறம்.

செப்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. முறுக்கு 35 அடி-பவுண்டு. கைதவறிக் கீழே விழுந்த ப்ளக், டப்பா பிரித்த அன்றே ஆனாலும், குப்பைக்கு. பீங்கானுக்குள் விழுந்த விரிசல் வெளியே தெரியாது.