பாதி விலைக்கு வந்த செட்

உங்கள் வாகனத்தில் ரேடியோ செட் இருக்கிறதா? அப்படியானால் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

மாத்தளையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். வீதியோரம் நிறுத்திய வேனின் கண்ணாடியை உடைத்து செட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முகப்பைத் தனியே கழற்றக்கூடிய செட் அது. முகப்பு இல்லாவிட்டால் பாடாது, களவெடுத்தவனுக்கும் பயனில்லை. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட எனக்குத்தான் சோம்பல்!

சில நாட்களில் ஒருவர் பாதி விலைக்கு ஒரு செட் கொண்டுவந்தார். ஆசையோடு புரட்டிப் பார்த்தேன். அடிப்புறத்தில் ஆணியால் கீறிய ஒரு வாகன இலக்கம்! என்னைப் போல யாரோ பறிகொடுத்தது. கை கூசியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த இலக்கத்தைக் குறித்துப் பொலிஸில் சொல்லாமல் விட்டது இன்றும் என் மனக்குறை.

வாங்க ஆளில்லாவிட்டால் கண்ணாடியை ஏன் உடைக்கப் போகிறார்கள்? களவுப் பொருளென்று தெரிந்தும், அப்படி நம்பக் காரணமிருந்தும் வாங்குவது, நமது தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

முகப்பு கழன்றால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கழலாத திரை செட் என்றால், இரகசிய இலக்கம் இடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தொடரிலக்கத்தை வீட்டில் எழுதி வையுங்கள். களவு போனால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது உதவும். அடிப்புறத்தில் உங்கள் வாகன இலக்கத்தையும் கீறி விடுங்கள். அந்தக் கீறல் கள்வனைத் தடுக்காவிட்டாலும் வாங்குபவரைத் தடுக்கும். என்னைத் தடுத்ததே!