பொதி சுமக்கும் ஆடுகள்

எங்கள் ஊரில் ஆடு என்பது குழை தின்னும் பிராணி. பால் தரும், தோட்டத்துக்கு எருத் தரும், வேலியைப் பிரித்து அயல் வளவுக்குள் நுழைந்து, இரு குடும்பத்தார் ஆறு மாதம் பேசாதிருப்பதற்குக் காரணமும் தரும். இவற்றுக்கு மேலாக அதனால் ஆகக்கூடிய தொழில் ஒன்று உண்டென்று நான் எண்ணியதே இல்லை. சுமை என்றால் எருது நினைவுக்கு வரும். கழுதை நினைவுக்கு வரும். ஆட்டின் முதுகில் சேணம் பூட்டுவதை யார் கண்டார்?

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நான் கண்டேன். என் தமக்கையாரின் மகன் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி நகரப் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியல் கற்றுக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் போயிருந்த எனக்கு மலை காட்ட வேண்டும் என்பது அவனது பிடிவாதம். "மாமா, நான்கு நாள் நடக்கலாம். கூடாரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஆடுகள் சுமக்கும்" என்றான். பகிடி பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில், சோக்கட்டியிலும் பாரமான பொருளைத் தூக்கிப் பழகாத ஓர் ஆசிரியனுக்கு வேறு வழி இல்லை என்பதை அவன் முன்பே கணித்திருந்தான் போலும்.

வயோமிங் பரப்பளவில் நமது இலங்கையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. குடிசனமோ ஆறு இலட்சத்துக்கும் குறைவு. லாரமியிலிருந்து லாண்டர் என்னும் சிற்றூருக்கு மோட்டார் வண்டியில் நான்கு மணி நேர அளவான பயணம். வழியெங்கும் சாம்பல் நிறப் புதர்கள் மண்டிய வெட்டவெளி. கண்ணாடியைச் சற்று இறக்கினால், கற்பூரத்தையும் துளசியையும் கலந்தாற்போன்ற ஒரு வாசனை அப்புதர்களிலிருந்து உள்ளே வரும். ஒரு மணி நேரம் ஓடியும் ஒரு வீட்டைக் காணாத சமயமும் உண்டு. பிறகு மேற்கே வானத்தை அடைத்தாற்போல் விண்ட் ரிவர் மலைத்தொடர் தோன்றியது. அதன் உச்சச் சிகரமாகிய கனற் 13,800 அடிக்கு மேற்பட்டது. நமது பிதுருதலாகலை 8,281 அடி. நாங்கள் நடக்கத் தொடங்கிய இடமே ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில் இருந்தது. மூச்சு வாங்குவதை மறைக்க, இயற்கைக் காட்சியை இரசிப்பவன்போல் அடிக்கடி நின்றேன்.

எங்களை அழைத்துச் செல்ல இசைந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது அறுபத்தெட்டு. ஒரே தொழிலைச் செய்தவர்கள் என்பதால் முதல் அரை மணி நேரத்திலேயே நெருங்கிவிட்டோம். அவரது சிறு லொறியின் பின்புறத்தில் ஐந்து ஆடுகள், பள்ளி விட்ட நேரத்துப் பஸ்ஸில் மாணவர்கள் நிற்பதுபோல் நெருக்கியடித்து நின்றன. கதவைத் திறந்ததும் ஒவ்வொன்றாகக் குதித்தன. அப்போதுதான் அவற்றின் அளவு எனக்கு விளங்கியது. ஒன்றன் முதுகு என் இடுப்புக்கு வந்தது. சானன், அல்பைன் ஆகிய பெரிய பால் இனங்களின் நலமடித்த கிடாய்கள் அவை. நன்கு வளர்ந்தது ஒவ்வொன்றும் இருநூறு இறாத்தல் நிறைக்குக் குறையாது. பால் பண்ணைகளிலே கிடாய்க் குட்டிக்கு மதிப்பில்லை. பெரும்பாலும் இறைச்சிக்குத்தான் போகும். அப்படிப் போகவிருந்தவற்றையே அவர் குட்டியாக வாங்கி வளர்த்திருந்தார். வெள்ளைத் தாடியும் கடுகடுத்த பார்வையுமாக நின்ற மூத்த கிடாய்க்கு 'நீதவான்' என்று பொருள்படும் பெயர். பொருத்தம் என்றால் அதுவே பொருத்தம்.

சேணம் மரத்தாலானது, குறுக்குச் சட்டங்கள் இரண்டு முதுகுக்கு மேலே பெருக்கற் குறிபோல் நிற்கும். அவற்றில் இரு பக்கமும் பைகள் தொங்கும். ஆசிரியர் ஒவ்வொரு பையையும் கைத்தராசிலே தூக்கி நிறுத்தார். ஒரு பக்கம் ஓர் இறாத்தல் கூடினாலும் மலைச்சரிவில் சேணம் சாய்ந்துவிடும். தோல் உரசிப் புண்ணாகும். ஆகவே இந்தப் பக்கத்துப் பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து அந்தப் பக்கம் போட்டு, மறுபடியும் நிறுப்பார். வளர்ந்த ஆடு தன் உடல் நிறையில் நாலிலொரு பங்கு வரை சுமக்கலாம். அதாவது நாற்பது, ஐம்பது இறாத்தல். ஆனால் நாலு வயது நிரம்புமுன் முழுச்சுமை ஏற்றலாகாது. முதல் ஆண்டில் குட்டி வெறும் முதுகோடு கூடவே நடந்து வழி பழகும். அடுத்த ஆண்டுகளில் வெறுஞ் சேணம், இலேசான பை என்று படிப்படியாக ஏற்றுவார்கள். எலும்பு முற்றுமுன் பாரம் ஏற்றினால் மூட்டுக் கெட்டுவிடும் என்றார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கென நாம் பிள்ளைகளின் முதுகில் ஏற்றும் புத்தகப் பைகள் என் நினைவுக்கு வந்தன. சொல்லாமல் விட்டேன்.

நடை தொடங்கியதும் நான் வியந்தது, ஒன்றுக்கும் கயிறு பிடிக்காததே. பிறந்த சில நாளிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவரை ஆடு தன் பட்டியின் தலைவராகக் கருதிவிடுகிறது. அவர் போகும் இடத்துக்கு அது போகும். நீதவான் முன்னே, மற்றவை தத்தமக்குரிய வரிசையில் பின்னே. இளையது ஒன்று முந்த முயன்றால் கொம்பால் ஓர் இடி. நடக்கும்போதே இங்கே ஓர் இலை, அங்கே ஒரு கொழுந்து என்று கடித்துக்கொள்ளும். குதிரைக்கென்றால் தீனி கட்டிச் செல்ல வேண்டும். இழுத்துச் செல்ல வண்டி வேண்டும். அதன் குளம்பு ஈரப் பாதையை உழுதுவிடும். ஆட்டின் அடியோ மானடிபோல் மென்மையானது. குதிரை தயங்கி நிற்கும் பாறைக் குவியலிலே அது படியேறுவதுபோல் ஏறும். நாங்கள் இளைப்பாற அமர்ந்தால், சுமையோடு தாமும் படுத்து அசைபோடத் தொடங்கும். புறப்படும்போது எழுந்தன, முனகியவன் நான் ஒருவனே.

குறை இல்லாத பிராணி ஏது? தண்ணீர் என்றால் அவற்றுக்கு ஆகாது. முழங்காலளவு ஓடை ஒன்றின் கரையில் ஐந்தும் நின்றுவிட்டன. ஆசிரியர் அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பாராமலே நடந்தார். தலைவர் கண்ணுக்கு மறையப் போகிறார் என்றதும் நீதவான் ஒரே பாய்ச்சலில் தாண்டப் பார்த்து, நட்ட நடுவில் விழுந்தார். எங்கள் அரிசிப் பை அவரிடந்தான் இருந்தது. மாலையில் மழை தூறியபோது, ஐந்தும் எங்கள் கூடாரத்தினுள் புகுவதற்கு நடத்திய போராட்டம் தனிக் கதை. நனையும் ஆட்டுக்காக ஓநாய் அழுதது என்பார்கள். அன்றிரவு அழும் நிலையில் இருந்தவர்கள் நாங்கள்.

தீ மூட்டி அமர்ந்த வேளையில் வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்க் என்னும் பெரிய மானை அவர் தம் தந்தையாரோடு சிறு வயது முதல் வேட்டையாடியவர். நமது மரையினும் பெரியது அது. ஆண் எழுநூறு இறாத்தல் நிற்கும். நான் மரக்கறி உண்பவன்; உயிர்க்கொலையில் எனக்குள்ள வெறுப்பை அவரிடம் மறைக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. சுட்ட மிருகத்தின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டு வருவது அந்த மாநிலத்திற் சட்டப்படி குற்றம் என்றார். அதனாலேயே சுமப்பது பெரும் பாடு. எலும்பு நீக்கினாலும் இருநூறு இறாத்தலுக்கு மேல் தேறும். பாதையிலிருந்து எட்டு மைல் உள்ளே விழுந்த மிருகத்தை முழங்கால் தேய்ந்த கிழவன் எத்தனை நடையில் கொண்டுவர முடியும்? "இந்த ஐவரும் இல்லையென்றால் நான் பத்து வருடத்துக்கு முன்பே மலையைவிட்டு இறங்கியிருப்பேன், வேட்டைக்கு மட்டுமல்ல, சும்மா நடக்கவும் வந்திருக்க மாட்டேன்" என்று சொல்லி, அருகில் படுத்திருந்த கிடாயின் கழுத்தைச் சொறிந்தார்.

ஆட்டின் மேல் பொதி ஏற்றுவது புதிய வித்தையன்று. இமயமலைப் பக்கத்துப் போட்டியா வணிகர் திபெத்து உப்பையும் தம் தானியத்தையும் சிறு கம்பளிப் பைகளில் இட்டு, ஆட்டின் மீதும் செம்மறியின் மீதும் ஏற்றிக் கணவாய்களைத் தாண்டினர். 1962ஆம் ஆண்டு இந்திய சீனப் போரோடு அவ்வணிகம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. நம் நாட்டிலும் தெரு இல்லாத காலத்தில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களே கரையோர உப்பைக் கண்டி மலைக்கு ஏற்றின. ஆனால் அமெரிக்க மலைகளில் இப்பழக்கம் பரவியதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. அதைக் கேட்டபின் அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

அந்த மலைகளிலே பெருங்கொம்புச் செம்மறி என்னும் காட்டு விலங்கு வாழ்கிறது. ஆண் விலங்கின் கொம்பு காதைச் சுற்றி முழு வட்டமாய்ச் சுருண்டிருக்கும். 1970களின் தொடக்கத்தில் ஜோன் மியோன்சின்ஸ்கி என்னும் உயிரியல் ஆய்வாளர், வானொலிக் கருவி பூட்டிய செம்மறிகளைப் பின்தொடர்ந்து வயோமிங் மலைகளில் அலைந்தார். கருவிகளோ பாரம், செம்மறி ஏறும் இடமோ குதிரை ஏறாத இடம். தம்மோடு கூடி வந்த ஆட்டின் முதுகில் அவற்றை ஏற்றிப் பார்த்தார். அது செம்மறிக்கு ஈடாக ஏறியது. பின்னர் ஆட்டுக்கென்றே சேணம் அமைத்தார். 1992இல் பொதி ஆட்டைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதைப் படித்து ஆடு வளர்க்கத் தொடங்கியவர்களுள் எங்கள் ஆசிரியரும் ஒருவர். ஆகவே, காட்டுச் செம்மறியை ஆராய்வதற்காகவே ஆடு அந்த மலைகளில் முதற் சுமை தூக்கியது எனலாம்.

இன்று அந்தச் செம்மறியின் பொருட்டே ஆட்டுக்குப் பாதை மூடப்படுகிறது. வீட்டுச் செம்மறியும் ஆடும் தமக்கு அதிகத் தீங்கின்றிச் சுமக்கும் சில நுண்ணுயிர்கள், காட்டுச் செம்மறியின் நுரையீரலிற் புகுந்தால் அழற்சி உண்டாகும். தாய் தப்பினாலும் பின்வரும் பருவங்களில் குட்டிகள் தப்புவது அரிது. வடக்கே டுபோயிஸ் என்னும் ஊருக்கு அருகிலுள்ள விஸ்கி மலையில் ஒருகாலத்தில் இவ்விலங்குகள் பெருந்தொகையாய் இருந்தன. பிற மாநிலங்களிற் குடியேற்றவும் அங்கிருந்தே கொண்டுசென்றனர். 1990-91 மாரியில் நுரையீரல் நோய் வந்து பலவற்றைக் கொன்றது. அந்த மந்தை இன்னும் தேறவில்லை. அந்நோய் எவ்வழி வந்தது என்பதை ஆட்டின் தலையில் யாரும் கட்டவில்லை. ஆயினும் அச்சம் பிறந்துவிட்டது. 2003இல் அரிசோனாவில் மேய்ச்சலுக்கு விட்ட ஆட்டு மந்தையிலிருந்து கண்ணோயும் வாய்ப்புண்ணும் காட்டுச் செம்மறிகளுக்குத் தொற்றின என்பது பதிவான செய்தி. 2010களில் ஷோஷோன் தேசிய வனத்தின் அதிகாரிகள் செம்மறியின் முக்கிய வாழிடங்களுக்குள் பொதி ஆடு செல்லலாகாது என்று தடுத்தனர். பொதி ஆடு வளர்ப்போரின் சங்கம் நீதிமன்றம் சென்றது.

அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கில் அவிழ்த்துவிட்ட மந்தையும், தலைவரை விட்டு விலகாத ஐந்து கிடாய்களும் ஒன்றா? இரத்தமும் மூக்குச் சளியும் பரிசோதித்த ஆட்டையும் தடுக்க வேண்டுமா? ஆட்டினால் தொற்றும் நுரையீரல் நோய் வீட்டுச் செம்மறியினால் வருவதைப்போல் கொடியதன்று என்று காட்டிய பரிசோதனையும் உண்டு. எனினும், ஓர் ஆடு ஓர் இரவு வழிதவறினாற் போதும் என்று அதிகாரிகள் அஞ்சுவதையும் நான் வீண் அச்சம் என்று தள்ளமாட்டேன். தவறு நேர்ந்தால் ஆட்டுக்காரர் இழப்பது ஒரு பொழுதுபோக்கு. மலை இழப்பது ஒரு மந்தை. இதை ஆசிரியரிடம் சற்றுத் தயக்கத்தோடு சொன்னேன். அவர் நெடுநேரம் நெருப்பைப் பார்த்திருந்தார். "என் தந்தை எனக்குக் காட்டிய இடங்களில் பாதிக்கு இப்போது நான் போவதில்லை" என்று மட்டும் சொல்லி எழுந்து, ஆடுகளை இரு மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் ஒவ்வொன்றாகப் பிணைத்து, முடிச்சுகளை இருமுறை இழுத்துப் பார்த்தார்.

எங்கள் வழி அனுமதியுள்ள பகுதிக்குள்ளேயே அமைந்திருந்தது. மூன்றாம் நாள் ஒரு கணவாயைத் தாண்டி, அப்பாலுள்ள ஏரிக்கரையில் தங்குவது திட்டம். அந்த ஏரியைப் பற்றி மருமகன் லாரமியிலிருந்தே புகழ்ந்துகொண்டு வந்தான். தூண்டிலும் கொண்டு வந்திருந்தான். கணவாயின் விளிம்பை அடைந்ததும் ஆசிரியர் வழக்கம்போல் தொலைநோக்கியால் எதிர்ச் சரிவை மெதுவாக அலசினார். பின் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் கருவியை என்னிடம் நீட்டினார்.

முதலில் பாறைகள்தாம் தெரிந்தன. பிறகு ஒரு பாறை தலையைத் திருப்பியது. ஏழு பெட்டைகளும் மூன்று குட்டிகளும். ஏரிக்கு இறங்கும் சரிவிலே, புல் கரம்பிக்கொண்டு நின்றன. குட்டிகள் ஒன்றையொன்று துரத்தின. ஒரு மைல் தூரம் இருக்கலாம். அவை எங்களைக் கண்டதாகத் தெரியவில்லை. காற்று எங்கள் பக்கம் வீசிற்று.

அந்தச் சரிவு அவற்றின் வழமையான இடமன்று என்று ஆசிரியர் மெல்லச் சொன்னார். சட்டப்படி எங்களை அங்கே தடுப்பார் யாருமில்லை, பார்ப்பாரும் இல்லை. அவர் பையிலிருந்து ஐந்து கயிறுகளை எடுத்து ஐந்து கழுத்திலும் பூட்டினார். ஒன்றை என்னிடம் தந்தார். அது நீதவானுடையது. நாங்கள் வந்த வழியே திரும்பினோம். நீதவான் இரண்டு முறை நின்று கணவாயைத் திரும்பிப் பார்த்தார். தீர்ப்பு ஏதும் சொல்லாமல் பின்னர் நடந்தார்.

அன்றிரவு பழைய ஓடைக்கரையிலேயே தங்கினோம். மீன் இல்லை, ஈரம் உலர்ந்த அரிசியிற் சோறும் பருப்பும். எனக்கு அதில் ஒரு நட்டமுமில்லை. மருமகன்தான் தூண்டிலைப் பைக்குள் வைத்துக் கட்டும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.